கோலுக்குப் பின்னால் ஒரு கூண்டு

எங்கள் பல்கலைக்கழகத்து ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு வாசலில் பொறித்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அது கொட்டகைதான். மூடிப்போன செப்புச் சுரங்கத்தின் உத்திரங்களைக் கொண்டுவந்து, வேலை இழந்த சுரங்கத்துத் தச்சர்களே கட்டியது. ஆரம்பத்தில் தரைக்கடியில் குளிர்க்குழாய் கிடையாது. ஜன்னல்களைத் திறந்துபோட்டுத் தண்ணீரைப் பாய்ச்சினால், மிச்சிகன் குளிர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெயில் கொஞ்சம் ஏறிவிட்ட நாட்களில் பையன்கள் சேற்றில் எருமை மாதிரி ஆடினார்களாம். அப்புறம் குழாய் வந்தது, ஐஸைச் சுற்றியிருந்த கம்பிவலை போய்க் கண்ணாடி வந்தது. கூரை ஒழுகல் மட்டும் கடைசி வரைக்கும் எங்களோடு இருந்தது.

அந்தக் கொட்டகையில் பேஸ்டி விற்றவள் நான். உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்து, சுடச்சுடக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். என் கடை மூலையிலிருந்து பாதி ஆட்டம்தான் தெரியும். அதனால் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அதிகம் பார்த்தது ரெய்னோ ஹகலாவை.

ரெய்னோ பகலில் கவுண்டி நிர்வாகத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டுவார். ஆட்ட நாளில், கோல் வலைக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய கூண்டுக்குள் போய்ப் புகுந்துகொள்வார். கையில் ஒரு பொத்தான். பந்துக்குப் பதிலாக மட்டையால் அடிக்கும் ரப்பர் வில்லை, கோல் கோட்டை முழுசாகத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தால் அழுத்த வேண்டும், வலைக்கு மேலே விளக்கு எரியும். இதுதான் வேலை. கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, எங்கள் அணியின் பச்சை நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட வைத்திருக்கக் கூடாது. எதிரணிக்காரன் கோல் போட்டாலும் அதே விரலால் அழுத்தியாக வேண்டும். பைத்தியக்கார வேலை என்று நினைப்பேன். அவரோ தேவாலயத்துக்குப் போகிறவர் மாதிரி சாம்பல் நிறக் கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு வருவார்.

அவருடைய மகன் கர்ட் அணியில் சேர்ந்தபோதும் கூண்டில் அவர்தான் இருந்தார். அப்பாவே உட்காரலாமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரை உட்கார வைத்தாலும் ஆடுகிற யாராவது ஒருவனுக்கு அப்பாவாகவோ சித்தப்பாவாகவோதான் இருந்து தொலைப்பார். கர்ட் போட்ட முதல் கோலுக்கு ரெய்னோ அழுத்தினார், விரலை எடுக்க மறந்துவிட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நடுவர் வந்து கூண்டைத் தட்டினார்.

"யோவ், விரலை எடுய்யா! ஊருக்கே தெரிஞ்சாச்சு!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் அங்கே சந்தோஷப்பட்டதற்கு வேறு சாட்சி கிடையாது.

பிறகு அந்த இறுதி ஆட்டம் வந்தது. எங்களுக்கு அமைந்த ஒரே இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம், கடைசி நிமிடம். கர்ட் அடித்தான். எதிரணி கோல் கீப்பர் வில்லையின் மேலேயே விழுந்து, அப்படியே சறுக்கிப் பாதி உடம்போடு வலைக்குள் போனான். கொட்டகை எழுந்து கத்தியதில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. விளக்கு எரியவில்லை. நடுவர் கூண்டுக்குச் சறுக்கி வந்து குனிந்து ஏதோ கேட்டார். ரெய்னோ இடவலமாகத் தலையை ஆட்டினார். கோல் இல்லை என்று நடுவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். கூடுதல் நேரத்தில் தோற்றோம்.

உள்ளே போனதா, இல்லையா? இந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்த மாதிரி வேறு எதுவும் குடைந்ததில்லை. ஊருக்குச் சந்தேகமே இல்லை. கீப்பரே வலைக்குள் இருந்தான், அவன் வயிற்றுக்கடியில் இருந்த வில்லை வெளியிலா இருக்கும்? ரெய்னோ காப்பிக் கடைக்குள் நுழைந்தால் யாராவது விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார்கள்.

"மழை பெய்யுதான்னு இவர்கிட்ட கேட்டுடாதீங்கப்பா. நனைஞ்சுக்கிட்டே பார்க்கலையேம்பாரு!"

அவர் பாட்டுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். ஒரு தரம் என் கடையில் அவர் பேஸ்டி தின்றுகொண்டிருந்தபோது நான் நேராகவே கேட்டுப் பார்த்தேன்.

"ரெய்னோ அண்ணே, சத்தியமா சொல்லுங்க. உள்ள போச்சா?"

மென்று முடிக்கும் வரை என்னைப் பார்த்தார். "பேஸ்டியில உப்பு கம்மி லோர்னா" என்றார்.

ஊர் கேலி செய்ததைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கர்ட் விஷயம் வேறு. படிப்பு முடிந்ததும் மினசோட்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான், அம்மா இம்பியோடு சமையலறையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவான். அப்பாவோடு பேச்சு என்றால் பனி எவ்வளவு கொட்டியது என்பதோடு முடிந்துவிடும். ஒருமுறை என் கடையில் சாய்ந்துகொண்டு அவனே சொன்னான்.

"அவரு பார்த்தாரு லோர்னாக்கா. பையனுக்கு அழுத்திக் குடுத்துட்டான்னு நாலு பேர் சொல்லிடக் கூடாதுன்னு விரலை மடக்கி வெச்சுக்கிட்டாரு. அவரோட நேர்மைக்கு நான் பலி."

இப்படி நினைத்துக்கொண்டு ஒரு மகன் எத்தனை கிறிஸ்துமஸுக்குத்தான் வந்து போவான்? இதை ரெய்னோவிடம் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடியும் உப்பு கம்மி என்றிருப்பார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் புது அரங்கம் கட்டியது. அங்கே வலைக்கு மேலேயே கேமரா, கூண்டே கிடையாது. கொட்டகையை இடிப்பதற்கு முன்னால் ஊரையே கூப்பிட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஐஸில் இறங்கலாம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பழைய ஆட்டக்காரர்கள் தொந்தியும் வழுக்கையுமாக வந்து சேர்ந்தார்கள். கர்ட்டும் வந்தான், இம்பி போனில் திட்டி வரவழைத்திருந்தாள். ரெய்னோ அதே சாம்பல் நிறக் கோட்டில் கண்ணாடித் தடுப்பின் ஓரமாகக் கைத்தடியோடு நின்றிருந்தார்.

பழைய கோல் கீப்பர் பெர்டெல்லிதான் ஆரம்பித்தான். எங்கள் அணியின் கீப்பர்தான், ஆனால் எதையும் நடித்துக் காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"டேய் கர்ட், அந்தக் கோலை இன்னொரு தரம் போட்டுப் பார்த்துடலாம்டா! நான் அன்னைக்கு அந்தக் கீப்பர் விழுந்த மாதிரியே விழறேன். யாராச்சும் அடிங்க, நீ போய் உங்கப்பா கூண்டுல உட்காரு. இன்னைக்காவது விளக்கு எரியட்டும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். கர்ட் சிரித்துக்கொண்டே கூண்டுக்குள் நுழைந்தான். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூண்டின் பக்கத்துக்கு ஓடினேன். இவ்வளவு வருஷத்தில் எங்களில் ஒருத்தருக்கும் அந்தக் கூண்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் மேலே பெஞ்சில் இருந்துகொண்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்.

ஒருவன் அடித்தான். பெர்டெல்லி தன் மொத்த எடையோடும் வில்லையின் மேல் விழுந்து, சறுக்கி, பாதி உடம்போடு வலைக்குள் வந்தான். அச்சு அசலாக அதே மாதிரி.

"அழுத்துடா! உள்ளடா! உள்ள!" கொட்டகை கத்தியது.

கர்ட் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்திருந்தான். குனிந்தான். இடப்பக்கம் சாய்ந்தான், வலப்பக்கம் சாய்ந்தான், கண்ணாடியில் நெற்றி முட்டும் வரைக்கும் போனான். நானும் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். பெர்டெல்லியின் அகன்ற முதுகு, வலையின் கயிறு, ஒரு தடித்த கால். வில்லையையும் காணோம், கோட்டையும் காணோம். கர்ட்டின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

ரெய்னோ கைத்தடியை ஊன்றி நடந்து வந்து கூண்டின் வாசலில் நின்றார்.

"என்னடா, உள்ள போச்சா?"

கர்ட் திரும்பவே இல்லை. குரல் மட்டும் வந்தது.

"தெரியலைப்பா."

"எனக்கும்தான்டா. அன்னைக்கு நடுவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

கர்ட் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். விளக்கு எரியவில்லை. மேலே கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"யாராச்சும் என்னைத் தூக்குங்கடா, வயிறு உறையுது!" என்று பெர்டெல்லி அலறினான். நாலு பேர் அவனைப் புரட்டி எடுக்கப் போனார்கள். வில்லை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்க மொத்தக் கூட்டமும் வலையைச் சுற்றி முண்டியடித்தது. என் கால்கள்கூடத் தாமாக அந்தப் பக்கம் திரும்பின. ஆனால் கூண்டை விட்டு நான் நகரவில்லை.

அந்த இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கர்ட் பலகையில் ஓரமாக ஒடுங்கி, பக்கத்தில் கையால் தட்டினான்.

"வாப்பா, உட்காரு. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

இடம் இல்லை. ரெய்னோ எப்படியோ உட்கார்ந்துகொண்டார்.