லாபம், அப்புறம் ரெண்டு

ஆய்வகத்தில் நல்லபடியாக வளர்ந்து நின்றவை இரண்டு கருக்கள். ஒன்றை வைப்பதா, இரண்டையும் வைப்பதா என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டிய படிவம் என் பையில் இருந்தது.

நான் இரண்டு கட்சி. எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. மலைப்படியைக்கூட ரெண்டு ரெண்டாகத்தான் தாண்டுவேன். ஒரே பிரசவம், ஒரே பத்தியம், வேலை முடிந்தது. இரட்டையரை ஒரே நேரத்தில் தூக்குவது எப்படி என்று போனில் பார்த்து, இரண்டு தலையணைகளை வைத்துப் பழகியும் விட்டேன்.

டாக்டர் ஒன்று கட்சி. போன முறை தானாகத் தரித்தது ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. "கர்ப்பப்பை வாய் பலவீனமா இருக்கும்மா. ரெண்டு பேர் கனத்தை அது தாங்காம போகலாம். ஒண்ணு வைப்போம், இன்னொண்ணை உறைய வெச்சிக்கலாம்" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதெல்லாம் ஒப்புக்கொள்வதாகிவிடுமா?

திருத்தணியில் எங்களோடு இருக்கும் மாமியார் என் கட்சி. கிளம்பும்போது மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டே வெச்சிக்கோ. நம்ம சாமிக்கே ரெண்டு பேரு."

"அத்தை, அது பொண்டாட்டி கணக்கு."

"எதுவா இருந்தா இன்னாடி, ரெண்டு ரெண்டுதானே!"

என் கணவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. சென்னைக்குப் போகும் ரயிலில் நானே 2 என்று எழுதிவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் நர்ஸ், படிவத்தைக் கையில் வாங்காமலே கேட்டார்: "எத்தனைங்க வைக்கணும்?"

நான் வாய் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "லாபம்."

"சார், அதெல்லாம் பில் கவுண்டர்ல கேளுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் திருவாலங்காட்டில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை. அவர்கள் களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று வாயால் சொல்வதில்லை. முதல் மரக்கால் லாபம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. பதற்றத்தில் நாக்கு களத்துக்கே போய்விட்டது.

"பாவா, ஒண்ணுன்னா ஒண்ணுன்னு சொல்லு. அவங்க இன்னா நெல்லா அளக்குறாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "லாபத்த அளந்து கொட்டாம எவனாவது ரெண்டுன்னு ஆரம்பிப்பானா? போன தபா உன்ன வெறுங்கையா ஊட்டுக்குக் கூட்டிகினு வந்தேன். இன்னொரு தபா என்னால ஆவாது."

2ஐ அடித்து 1 என்று எழுதினேன். அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார் நர்ஸ். போட்டேன்.

கருவை வைத்து முடித்துப் படுத்திருந்தபோது மாமியாரின் போன். "எத்தினி வெச்சாங்க?"

"லாபம், அத்தை."

"ஆங்... அப்ப ரெண்டு எங்க?"

"ஃப்ரீசர்ல."

"மூடி நல்லா மூடச் சொல்லு. கரண்டு போயிடப் போவுது!"

இப்போது எனக்கு ஆறாம் மாதம். லாபம் உள்ளே உதைக்கிறது. திருத்தணியில் கரண்டு போகும்போதெல்லாம் மாமியார் இருட்டிலிருந்து குரல் கொடுக்கிறார்: "ஏம்மா, ரெண்டு எப்பிடிக்கீதுன்னு போன் போட்டுக் கேட்டியா?"