பினாங்குக்கு ஒரு நாசூக்கான கடிதம்

எனக்கு மேடைப் பயம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு, இவள் ஏதோ வாயில்லாப்பூச்சி போலிருக்கிறது என்று யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது. அறுபதுகளின் நடுவில் தென்னூரில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மீதிப் பொழுதில் மாதர் சங்கத்துச் செயலாளர். மைக் கிடைத்தால் விடமாட்டேன், கிடைக்காவிட்டாலும் விடமாட்டேன். நான் பேசினால் தெப்பக்குளம் வரைக்கும் கேட்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ரொம்ப நாள் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷங்களில் சர்க்காருக்குத் திடீரென்று எங்கள் வயிற்றின் மேல் அக்கறை பிறந்துவிட்டது. சுவருக்குச் சுவர் சின்னக் குடும்பத்தின் படம். அப்பா சிரிப்பார், அம்மா சிரிப்பாள், இரண்டு பிள்ளைகளும் எண்ணெய் தடவித் தலைசீவிச் சிரிக்கும். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பெற்றது போதும் என்று தெருத்தெருவாகக் கெஞ்சிக்கொண்டு போவார்கள். சரி, இத்தனை கெஞ்சுகிறார்களே என்று ஒருத்தி தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய், எனக்குப் போதும், ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "புருஷன் கையெழுத்து எங்கே?" என்பார்கள். வயிறு அவளுடையது, கையெழுத்து அவருடையது. நல்லா இருக்கிறது நியாயம்!

அப்படிக் கேட்டுத் திரும்பி வந்தவள் என் வகுப்பில் தைக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தென்னூரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தாள். முப்பது வயது ஆகவில்லை, நாலு பிள்ளைகள். புருஷனுக்குப் பினாங்கில் ஜவுளிக்கடையில் வேலை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி வருவார், மூன்று நாலு மாதம் இருப்பார், மறுபடியும் கப்பல் ஏறிவிடுவார். அவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், இன்ன பிள்ளை பிறந்திருக்கிறது என்று பின்னாலேயே தபால் போகும்.

நாலாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதை அவள் எழுத்து பிசகாமல் என்னிடம் சொன்னாள். "இன்னொண்ணு உண்டாச்சுன்னா உன் உயிருக்கு நான் ஜவாப்தாரி இல்லம்மான்னுட்டாங்க அக்கா. தையில அவுங்க வராங்க. அதுக்குள்ள எப்படியாச்சும் ஆபரேஷன் பண்ணிக்கணும்."

அப்போது ஆடி. தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

நானே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா நல்லவர்தான். நல்லவர்களிடம் சண்டை போடுவது போல எரிச்சல் வேறு கிடையாது. "எனக்குப் புரியுதும்மா, கையெழுத்தில்லாம நான் கத்தியைத் தொட்டா நாளைக்கு அந்தாளு என் மேல கேஸ் போடுவான். வெளியூர்ல இருக்காருன்னா தபால்ல எழுதிக் கேளுங்க. சம்மதம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும், மறுநாளே பண்ணிடறேன்" என்றார். ஒரு வரி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவளுக்கு எழுதத் தெரியாது. பினாங்குக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் என் வேலைதான். அன்றைக்கே ஏர் மெயில் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். புருஷனுக்குக் கடிதம் என்றால் அதற்கென்று ஒரு அமைப்பு உண்டே, அதை மீற முடியுமா? பாதம் பணிந்து எழுதிக்கொண்டதில் ஆரம்பித்து, இவ்விடம் நானும் குழந்தைகளும் பரிபூரண க்ஷேமம், அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது என்று அழகாக எழுதினேன். அவள் உயிரே ஊசலாடிக்கொண்டிருந்தபோது பரிபூரண க்ஷேமம்!

அதற்கு அப்புறம்தான் பேனா நின்றது. இன்னொருத்தி புருஷனுக்கு, முகம் தெரியாத ஆம்பிளைக்கு, இனிமேல் பிள்ளை பிறக்காமலிருக்க ஆபரேஷன் என்று எப்படி எழுதுவது?

"வெளிப்படையாவே எழுதிடுங்கக்கா. இன்னொரு பிள்ளை பெத்தா செத்துப் போயிடுவேன்னு டாக்டரு சொல்றாங்கன்னு எழுதுங்க" என்றாள் அவள்.

"சீ! அதையெல்லாமா தாள்ல எழுதுவாங்க? அங்க கடையில எத்தனை பேர் கையில மாறுமோ! நான் நாசூக்கா எழுதறேன். ஆம்பிளைங்களுக்கு அதெல்லாம் புரியும், நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தேன்.

நாசூக்காகத்தான் எழுதினேன். 'எனக்கு வயிற்றில் ஒரு சிறு ஆபரேஷன் செய்துகொள்வது நலம் என்று டாக்டரம்மா அபிப்பிராயப்படுகிறார்கள். அதற்குத் தங்கள் சம்மதத்தை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பக் கோருகிறேன்.' எழுதி முடித்துவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். விரசமாக ஒரு வார்த்தை இல்லை. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள், "எழுதிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். "எல்லாம் எழுதியாச்சு" என்றேன்.

ஆவணியில் பதில் வந்தது. அவரும் க்ஷேமம். பணம் அனுப்பியிருக்கிறார், பெரியவனை ஸ்கூலுக்கு ஒழுங்காக அனுப்பச் சொல்கிறார். கடைசியில் இரண்டே வரி: 'கத்தி வைக்க வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.'

நான் படித்துக் காட்டியதும் அவள் முகம் செத்துவிட்டது. "வேண்டாம்னுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வந்து பார்த்துக்கொள்வாராமே, துரை! என்னத்தைப் பார்த்துக்கொள்வார்? திரும்ப எழுதிக் கேட்கலாமா என்று அவள் இழுத்தாள். "அந்த மனுஷன்கிட்ட இன்னொரு தடவை கெஞ்சணுமா? இந்தக் கையெழுத்துச் சட்டத்தையே ஒழிச்சுக் காட்டறேன் பாரு" என்றேன். ஒரு ஏர் மெயில் தாளில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஒரு போராட்டமே நடத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு எப்போதுமே பெரிய மனசு.

சங்கத்தைக் கூட்டினேன். எங்கள் தலைவி ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வக்கீலின் மனைவி. பெண்ணுரிமையில் அவருக்கு அபார நம்பிக்கை, பஞ்சாங்கத்தில் அதைவிட நம்பிக்கை. ஊர்வலம் என்றதும், "பேஷா நடத்துங்கோ" என்றார். ஆனால் எப்போது? ஆவணியில் முகூர்த்தங்கள், பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போகணும். புரட்டாசி சனிக்கிழமைகளில் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. அப்புறம் நவராத்திரி, கொலு வைத்தவர்கள் வரமாட்டார்கள். அப்புறம் தீபாவளி. அப்புறம் மழை. நான் குதித்ததைப் பார்த்துத் தலைவி, "கார்த்திகைக்குள்ள முடிச்சுடுங்கோ. மார்கழி பொறந்துட்டா வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே நம்பெருமாளைச் சேவிக்க வரும். அந்த நேரத்துல கர்ப்பம் கிர்ப்பம்னு அட்டையைத் தூக்கிண்டு நின்னா நன்னாவா இருக்கும்?" என்றார். பினாங்குக் கப்பல் கம்பெனிக்காரன் மட்டும் யாரையும் கேட்காமல் தேதி குறித்துவிட்டான்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் கழிந்து கிளம்பினோம். தென்னூரிலிருந்து சுகாதார அதிகாரியின் ஆபீஸ் வரைக்கும் முப்பது பெண்கள். 'பெறுவது நாங்கள், கையெழுத்து அவரா?' என்று நானே எழுதிய கோஷம். கருத்தடை, பிரசவம், கர்ப்பப்பை என்று தாளில் எழுதக் கை கூசிய அத்தனை சொல்லையும் நடுரோட்டில் தொண்டை கிழியக் கத்தினேன். டீக்கடையில் நின்ற ஆம்பிளைகள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்கு ஒரே குதூகலம்.

ஆபீஸ் வாசலில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, அந்தப் பினாங்குக் கடிதத்தையே வாசித்தேன். பெயரைச் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் எனக்கு நாகரிகம் இருந்தது. "கத்தி வைக்க வேண்டாமாம்! கத்தி இவர் வயித்துலயா வைக்கிறாங்க?" என்று நிறுத்தினேன். அப்படி ஒரு சிரிப்பு! அவள் முன்வரிசையில் கைக்குழந்தையுடன் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

அதிகாரி வெளியே வந்து மனுவை வாங்கிக்கொண்டார். "மேலிடத்துக்கு எழுதறேன்" என்றார். எங்களுக்கெல்லாம் சர்பத் வாங்கிக் கொடுத்தார். எழுதினாரோ என்னவோ, சர்பத் நன்றாக இருந்தது. போராட்டம் மாபெரும் வெற்றி என்று குறிப்பேட்டில் பதிந்துவிட்டு நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

தையில் கப்பல் வந்தது. அவரும் வந்தார். அதற்கப்புறம் அவள் தையல் வகுப்புக்கு வருவது நின்றது. புருஷன் வந்திருக்கும்போது எந்தப் பெண் வகுப்புக்கு வருவாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

சித்திரையில் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். அவரை அப்போதுதான் முதலில் பார்க்கிறேன். நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த மீசையும் முறைப்பும் ஒன்றும் இல்லை. ஒல்லியாக, வழுக்கை விழ ஆரம்பித்த, பயந்த சுபாவமுள்ள மனுஷர். கையில் என் ஏர் மெயில் தாள். மடித்து மடித்து நைந்திருந்தது.

"டீச்சரம்மா, இது நீங்க எழுதினதுதானே?"

ஆமாம் என்றேன்.

"இவளுக்கு வாந்தின்னு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். மூணு மாசம்னாங்க. நாலாவதுலயே இவ பொழைச்சது பெரிசு, தெரிஞ்சிருந்தும் ஏன்யா இப்படிப் பண்ணினேன்னு அந்தம்மா என்னைக் கேக்கறாங்க. எனக்கு என்னங்க தெரியும்? எல்லாரும் க்ஷேமம்னு எழுதியிருக்கு. வயித்துல சின்ன ஆபரேஷன்னு எழுதியிருக்கு. எங்க கடையில ஒருத்தருக்கு வயித்துல கத்தி வெச்சு எழுந்திரிக்கவே இல்லைங்க. அந்தப் பயத்துலதான் வேண்டாம், வந்து பெரிய டாக்டரா பார்த்துக் காட்டலாம்னு எழுதினேன். வந்த அன்னிக்கே கேட்டேன், வயித்து வலி எப்படி இருக்குன்னு. ஒண்ணும் இல்லைன்னுட்டா." அவர் தாளை என் முன்னால் தையல் மிஷின் மேல் விரித்து வைத்தார். "இன்னொரு பிள்ளை பெத்தா செத்துடுவான்னு இதுல எங்கங்க இருக்கு? காட்டுங்க. ஒரு வார்த்தை இருந்திருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேனே!"

தெப்பக்குளம் வரைக்கும் கேட்கும் என் குரல் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

அவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அவுங்களுக்குத் தெரிஞ்சும் வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சு, நான் வாயே திறக்கலக்கா. ரோட்டுல அத்தனை பேர் நடுவுல அவ்வளவு சத்தமா சொன்னீங்களே, தாள்ல எழுதறதுக்கு மட்டும் என்னக்கா கூச்சம்?" என்றாள்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். இப்போது ஒன்றும் செய்ய முடியாது, கலைக்கச் சட்டத்தில் இடமில்லை, பிரசவம் ஆகட்டும், ரத்தம் தயாராக வைக்கிறேன் என்றார். புருஷன் கப்பல் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அவள் கூடவே இருந்தார். ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்த அன்றைக்கே, பிரசவத்துக்கு அப்புறம் ஆபரேஷன் செய்யச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. பெண் குழந்தை பிறந்தது, பிழைத்தது. அவள் சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தீர்மானத்தை எழுதச் செயலாளரைத் தவிர வேறு யாரைக் கேட்பார்கள்? எழுதினேன். ஐந்தாவது பிரசவம் உயிரைக் குடிக்கும் என்று தெரிந்தும், கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவர் சம்மதம் கேட்ட விதியாலும், அந்தக் கணவருக்கு விஷயத்தை மறைத்துக் கடிதம் எழுதிய இச்சங்கச் செயலாளராலும் இறந்தாள் என்று எழுதி, தலைவியின் முன்னால் வைத்தேன்.

தலைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். அவர் கண் கலங்கியது உண்மை. அப்புறம் என் கையிலிருந்த பேனாவையே வாங்கி அத்தனையையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே இரண்டு வார்த்தை எழுதினார்: 'உடல்நலக் குறைவால்.'

"பேப்பருக்குப் போறது பாருங்கோ. நாலு பேர் படிக்கிறதுல இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று குறிப்பேட்டில் இருக்கிறது. நான் கையைத் தூக்கவில்லை. யாரும் எண்ணிப் பார்க்கவும் இல்லை.