ரீச்சரை இரண்டு தரம் எழுதினோம்

சூரிச் பெரிய ஸ்டேஷனில் ரயில் மாறும்போது மறோனி மணம் மூக்கில் ஏறினால் என் கால் அப்படியே நின்றுவிடும். மறோனி வேறொன்றுமில்லை, குளிர்காலத்தில் இரும்புச் சட்டியில் வறுத்து விற்கிற ஒரு கொட்டை. அவித்த மரவள்ளிக்கிழங்கில் கொஞ்சம் சீனி தூவியது போல ருசி இருக்கும். "அம்மா, நீங்கள் அதை வாங்கிச் சாப்பிடுறேல்லை, கைக்குள்ள வச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்று மகள் சிரிப்பாள். உண்மைதான். போன கிழமையும் ஒரு கடதாசிப் பை வாங்கி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி நின்று, அட்லிஸ்வில் கோயிலுக்குப் போகிற ரயிலைத் தவறவிட்டேன். முருகன் என்ன நினைத்தாரோ தெரியாது. நான் அந்த நேரம் வேறொரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், பனிக்குள் ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊரில் போர் முடிந்து, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நாங்கள் களைத்துப்போயிருந்த குளிர்காலம் அது. வெளிநாடுகளில் இருக்கும் தமிழர்களிடம், எங்களுக்குத் தனி நாடு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். எந்த அரசாங்கமும் வைத்ததல்ல. நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வி. அதனால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரிப் பட்டுச்சேலை உடுத்தி, அதற்கு மேல் தடித்த குளிர் ஜாக்கெட்டும் போட்டு, கீழே பனிச் சப்பாத்தோடு நாங்கள் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என் கணவருக்குத் தொண்டர் வேலை. சட்டையில் அட்டை குத்தியிருந்தார். பெரிய பொறுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தால், நனைந்த குடைகளை எங்கே வைப்பது என்று சனத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அந்த வரிசைக்குத்தான் எங்களுக்கு ஜேர்மன் படிப்பித்த சுவிஸ்காரி, எங்கள் ரீச்சர், மறோனிப் பைகளோடு வந்தார். எங்கிருந்து அத்தனை வாங்கினாரோ, ஆளுக்கு இரண்டு மூன்று கொட்டையாகக் கையில் வைத்துப் பொத்திவிட்டார். "சாப்பிடாட்டிலும் பரவாயில்லை, கையைச் சூடாக்குங்கோ" என்றார். ஜேர்மனில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அவர் சொன்னதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே ஞாபகத்தில் இருக்கிறது, நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய பெயர் மோசர். மரியாதையாக மோசரம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தோம். அது மோசமான அம்மா என்பது போலக் கேட்டதால் ரீச்சர் என்றே வைத்துக்கொண்டோம். புதன்கிழமை பின்னேரங்களில் தேவாலயத்து நிலவறை மண்டபத்தில் எங்களைப் போன்ற பெண்களுக்கு ஜேர்மன் படிப்பித்தார். சம்பளம் கிடையாது. நாங்கள் ரோல்ஸும் வடையும் கொண்டுபோவோம். தட்டில் வைக்க வைக்க, எங்களிடம் கற்ற ஒரேயொரு தமிழ்ச் சொல்லை, போதும் என்ற அர்த்தத்தில், அவர் சொல்வார்: "காணும், காணும்." சொல்லிவிட்டு இன்னொன்று எடுப்பார். மகள் பிறந்த அன்று என் கணவர் சூரிச்சில் உணவகச் சமையலறையில் வேலையில் நின்றார். நாய் மயிர் ஒட்டிய தன் சின்னச் சிவப்புக் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் ரீச்சர்தான். வழி முழுக்க எனக்கு வினைச்சொல் கேட்டுக்கொண்டே வந்தார், வலி தெரியாமல் இருக்கட்டும் என்று. "நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள்." அந்த வினைச்சொல் இன்றைக்கும் எனக்குப் பிழைப்பதில்லை.

ஷ்லீரனுக்கும் டீட்டிகோனுக்கும் கிட்ட, லிம்மாத் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் சின்ன நகரத்தின் நகரசபையில் ரீச்சர் பல வருடமாக உறுப்பினர். அவர் கட்சியை நாங்கள் 'எங்கட கட்சி' என்றுதான் சொல்வோம். வெளிநாட்டுக்காரருக்காகக் கதைத்த கட்சி. சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்து வாக்குரிமை பெற்ற தமிழர் எல்லாரும், தபாலில் வரும் கட்சிப் பட்டியலில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அதை அப்படியே உறைக்குள் போட்டு அனுப்புவோம். அந்தக் கட்சியின் நகரத் தலைவர் ஓர் உயரமான மனிதர். அந்த வருடம் மாசி முடிவில் நகரசபைத் தேர்தல் வரவிருந்தது. எங்கள் பொங்கல் விழாவுக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம்.

வாக்கெடுப்பு முடிந்த அடுத்த கிழமை, உள்ளூர்ப் பத்திரிகையில் அதே மனிதர் எழுதினார். இங்கே வந்து வாழ்கிறவர்கள் தங்கள் நாட்டுச் சண்டையை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும், பள்ளிக்கூட மண்டபத்தில் இப்படியொரு 'தியேட்டர்' தேவைதானா என்று. இந்த ஊர்ப் பேச்சில் தியேட்டர் என்றால் வீண் ஆர்ப்பாட்டம். எங்கள் ஆட்கள் அதை 'நாடகம்' என்று மொழிபெயர்த்தார்கள். எப்படி மொழிபெயர்த்தாலும் சுட்டது. தம்பியை இழந்தவர்கள், தாயை இழந்தவர்கள் அந்த வரிசையில் நின்றிருந்தார்கள்.

கோபம் எப்படிப் பரவியது என்கிறீர்கள்! தமிழ்க் கடையில் புழுங்கல் அரிசி மூட்டையைத் தூக்கியபடி ஒருவர் சொன்னார், "எங்கட வோட்டு இனிமேல் அவைக்கு இல்லை." அடுத்தவர், "ஒரு ஆளும் போடக்கூடாது." கடைக்காரர் ரஞ்சன் அண்ணை ஒரு படி மேலே போய், வெளிநாட்டுக்காரரை வெளியே போகச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டுகிற கட்சிக்கே போடப்போவதாகச் சபதம் செய்தார். "அவன் முகத்துக்கு நேரை சொல்லிறான், இவன் பொங்கலைத் திண்டுபோட்டுச் சொல்லிறான்" என்பது அவருடைய நியாயம். 

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையான சிக்கல். கணவருக்குக் கோபம் இருந்தது, வாக்கு இல்லை. எனக்குத்தான் வாக்கு. குடியுரிமை நேர்காணலுக்கு இருவரும் ஒன்றாகப் போய், நான் மட்டும் தேறியிருந்தேன். ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையின் பெயர் என்ன என்று கேட்டதற்கு, இவர் தனக்குத் தெரிந்த ஒரே மலையான ஊட்லிபேர்க்கைச் சொல்லிவிட்டார். அது சூரிச்சின் மலை. எங்களுடையது ஹாஸன்பேர்க். தினமும் குசினி யன்னலால் பார்க்கிற மலை.

தேர்தல் உறை வந்த அன்று அதே குசினியில் நின்று, "இஞ்சேரும், அந்தப் பட்டியலைக் கிழிச்சுக் குப்பையிலை போடும்" என்றார்.

"ரீச்சரும் அதிலைதானே நிக்கிறா."

"நிக்கட்டும். கட்சி எண்டால் எல்லாரும்தான்."

"என்ரை பிள்ளை பிறக்கேக்கை கட்சியோ வந்தது? அவாதான் வந்தவா."

இவர் தோசையைச் சட்டியில் கருகவிட்டுவிட்டு வெளியே போனார். உணவகத்தில் சமைக்கிற மனிதர் தோசையைக் கருகவிட்டால் விஷயம் பாரதூரமானது என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை வகுப்புக்கு என்னோடு இன்னும் இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களைப் புருஷன்மார் போக விடவில்லை, அல்லது அவர்களுக்கே மனம் வரவில்லை. ரீச்சர் கரட் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். ஒரு வகுப்புக்குப் போதுமான கேக். அதை மூன்று பேருக்குப் பெரிய பெரிய துண்டாக வெட்டினார். கட்சிக் கூட்டத்தில் அந்தக் கட்டுரையை எதிர்த்து அவர் சண்டை பிடித்தார் என்று பிறகு வேறொருவர் மூலம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அன்று அவர் அதைச் சொல்லவேயில்லை. சொன்னால் வாக்குக் கேட்டது போல ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். "எல்லாருக்கும் கோபமோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கிற்று.

இந்த நாட்டுத் தேர்தலில் ஒரு வசதி உண்டு. கட்சிப் பட்டியலில் பிடிக்காத பெயரைக் கோடு போட்டு வெட்டலாம். வெற்றுத் தாளை எடுத்து, பிடித்த ஒருவரின் பெயரை மட்டும் இரண்டு தரம் எழுதலாம். இதையும் ரீச்சர்தான் எங்களுக்கு ஒரு புதன்கிழமை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் தொலைபேசியை எடுத்தேன். வாக்குள்ள பெண்கள் ஒவ்வொருவராக. "ஆம்பிளையள் சொல்லுறதைச் சொல்லட்டும். நீங்கள் கட்சியை வெட்டுங்கோ, ரீச்சரை ரெண்டு தரம் எழுதுங்கோ." சிலர் சரி என்றார்கள். ஒருத்தி, "ஏன் அக்கா, மூண்டு தரம் எழுதினால் என்ன?" என்று கேட்டாள். மூன்றாவது செல்லாது என்று விளங்கப்படுத்துவதற்குள் என் குக்கர் பல தரம் கூவிவிட்டது. வேறு சிலர் பதில் பேசாமல் தொலைபேசியை வைத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுடைய வீட்டுச் சுவரில் மாலை போட்ட படங்கள் தொங்கின.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை, நகரசபைக் கட்டிட வாசலில் தாள் ஒட்டினார்கள். இவர் என்னோடு வந்தார், எனக்குத் துணைக்கு என்று சொல்லிக்கொண்டு. கட்சிக்குப் பலத்த அடி. எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, வேறு காரணங்களுக்காகச் சுவிஸ் சனமும் கைவிட்டிருந்தது. ஆனால் அந்த உயரமான தலைவர் வென்றுவிட்டார், ஊர் உதைபந்தாட்டக் கழகத்து ஆட்கள் வாக்குப் போட்டு அவரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். கட்சிக்குக் கிடைத்த கடைசி ஆசனமும் கிட்டாமல், அதற்கு அடுத்த பெயராக ரீச்சர் நின்றார். நாங்கள் இரண்டு தரம் எழுதியதும் போதவில்லை.

இவர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "அவன் வெண்டிட்டான், அவா தோத்திட்டா. நாங்கள் ஆரை அடிச்சனாங்கள்?" என்றார். 

அடுத்த நாள் வேலைக்குப் போக முதல், யாருக்கும் சொல்லாமல் ரீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நடந்ததைப் பின்னேரம் என்னிடம் ஒப்புவித்தார். ரீச்சர் தோட்டத்தில் றோசாச் செடிக்குக் கிளை வெட்டிக்கொண்டு நின்றாராம். இவர் தன் உடைந்த ஜேர்மனில் ஏதோ சொல்லத் தொடங்க, அவர் கத்தரியை உயர்த்தி நிறுத்தினாராம். "மன்னிப்புக் கேக்க வந்தால் திரும்பிப் போங்கோ. கோபம் வந்தால் வோட்டாலை சொல்லவேணும், அதைத்தான் உங்கட சனம் செய்தது. எனக்கு நோகுது. நோகவேணும்தானே, நோகாட்டில் அது என்ன வோட்டு?" சொல்லிவிட்டுக் கையுறையால் முகத்தைத் துடைத்தாராம். மண் கன்னத்தில் ஒட்டியதைச் சொல்லவா விடவா என்று தெரியாமல் இவர் நின்றிருக்கிறார். அப்போது ரீச்சர் கேட்டாராம், "அது சரி, உங்களுக்கு ஏன் இன்னும் வோட்டு இல்லை?"

மலைக் கதை வெளியே வந்தது. ரீச்சர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும் என்று இவர் சொன்னார்.

அந்த வசந்தத்தில் அவர் இவரை ஹாஸன்பேர்க்குக்கு ஏற்றிவிட்டார். வெறுமனே பெயரைப் பாடமாக்கினால் காணாது, ஏறினால்தான் மறக்காது என்பது அவருடைய கொள்கை. ஹாஸ என்றால் முயல். முயல் மலை. என் கணவர் இரவல் வாங்கிய மலையேற்றச் சப்பாத்தோடு, மூச்சு வாங்க வாங்க, ரீச்சருக்கும் அவருடைய நாய்க்கும் பின்னால் ஏறினார். ஆற்றின் பெயர், ஓடையின் பெயர், பழைய ஆலையின் பெயர் எல்லாம் வழியில் கேள்வியாக வந்ததாம். இரண்டாம் முறை நேர்காணலில் இவர் தேறியதோடு நிற்கவில்லை, கேட்காத ஓடையின் பெயரையும் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வருடம் கட்சியின் நகரசபை உறுப்பினர் ஒருவர் ஊர் மாறிப் போனதால், அடுத்த பெயரான ரீச்சருக்கு அந்த ஆசனம் தானாகவே வந்தது. இவர் பூச்செண்டோடு ஓடினார். தங்கள் கையால் உடைந்தது ஒட்டப்போகிறது என்ற சந்தோஷம் அவருக்கு. ரீச்சர் பூவை வாங்கிக்கொண்டார், ஆசனத்தை வாங்கவில்லை. "சனம் அனுப்பேல்லை. ஒருத்தர் வீடு மாறினதாலை நான் அங்கை போய் இருக்கிறதோ?" இவர் எவ்வளவோ கெஞ்சினார். கட்சிக்காரரும் கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை. நகரசபைக்கு அவர் பிறகு போகவேயில்லை. புதன்கிழமைகள் மட்டும் நடந்தன. ஒவ்வொருவராகப் பெண்கள் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவள் தொலைபேசியைப் பதில் பேசாமல் வைத்தவர்களில் ஒருத்தி. ரீச்சர் அவளை ஒன்றும் கேட்காமல், பக்கத்தில் இருத்தி, புத்தகத்தை விரித்தார்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. வாக்கெடுப்பு நடந்த பள்ளிக்கூட மண்டபத்தை இடித்து, கண்ணாடி வைத்த மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். ரஞ்சன் அண்ணை கடையை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். தன் வாக்கு உண்மையில் யாருக்குப் போனது என்று கடைசிவரை சொல்லவில்லை. ரீச்சர் முதியோர் இல்லத்தில் சில வருடம் இருந்து, ஒரு மழைநாளில் போய்ச் சேர்ந்தார். இறுதிக் கிரியைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தமிழ்ப் பெண்கள். பாதிரியார் மலைத்துப்போனார். கட்சிப் பட்டியலில் இப்போது தமிழ்ப் பெயர்களே இருக்கின்றன, இங்கே பிறந்த பிள்ளைகள். நல்ல பிள்ளைகள். அந்த ஞாயிறு பற்றிச் சொன்னால் மரியாதையாகக் கேட்பார்கள்.

கடந்த தேர்தலுக்கு இவர் தன் வாக்குச் சீட்டு உறையை ஒட்டி, தபாலில் போடவென்று கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். குளிர் போய்க் கோட்டைக் கழுவக் கொடுக்கும்போது நான் பையைத் தடவினால், உறை அப்படியே இருக்கிறது. காட்டினேன். இவர் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஐயோ, போட மறந்திட்டன். இந்த முறை ஆர் வெண்டது?"

எனக்கும் தெரியவில்லை.