ஏழாம் நம்பர் மரத்தின் கோடுகள்

என் டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ இருக்கிறது. அதில் மனிதர் யாரும் இல்லை. கறுப்பில் வெள்ளைக் கோடுகள், பத்து வரிசை. வரிசைக்கு அடியில் நம்பர் எழுதியது நான்.

எண்பதுகளில் குற்றாலத்து மலைச்சரிவில் காட்டு மாமரங்களை ஆராய ஒரு டாக்டரம்மா வந்தார். நோய் பார்க்கிற டாக்டர் இல்லை, செடிகொடி படித்தவர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நம்பர் எழுதத் தெரியும், மலை தெரியும் என்று என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஓடைக்கு இக்கரையில் ஆறு மரம், அக்கரையில் நாலு. கிளையைக் கறுப்புத் துணியால் மூடிக்கட்டி, இரண்டு நாள் கழித்துத் தளிர் பறிக்க வேண்டும். வெயில் பட்டால் இலையில் மாவுச்சத்து சேர்ந்து வேலையைக் கெடுக்குமாம்.

"என்னட்டி, மாமரத்துக்கு முக்காடு போடுத? பொண்ணு பாக்க யாரு வாராக?" என்பார் தோட்டக் காவல்கார அண்ணாச்சி. நான் தலையைக் குனிந்துகொண்டு கட்டுவேன்.

கடைசியாக அக்கரையில் ஏழாம் நம்பர் மட்டும் பாக்கி. அந்த வாரம் சாரல் பெருமழையாகி ஓடை இடுப்புக்கு மேலே ஓடியது. முடியவில்லை என்று சொல்ல வாய் வராமல், இக்கரையில் நாலாம் நம்பர் மரத்திலேயே துணியைக் கட்டிப் பறித்து, பொட்டலத்தில் ஏழு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இலைக்கு இலை என்ன வித்தியாசம் என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து, ஐப்பசி மழையில் ஓடை மறுபடி பெருகியிருந்தபோது, டாக்டரம்மா இந்தப் போட்டோவோடு வந்தார். இலையின் பச்சை, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகளில் இருக்கிறதாம், பசுங்கணிகம் என்றார். அதற்குள் ஒரு மரபுச் சரடு உண்டு. மாமரத்தில் அது தாய் வழியாக மட்டும் வருமாம், மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் சரி. அதைத் துண்டாக்கி, கரண்டு பாய்ச்சிய கூழில் ஓடவிட்டால் கோடுகளாக நிற்கும். தாய் மரத்துக்குத் தாய், அதற்கும் தாய் என்று மனுசர் காலடி படாத காலம்வரை அந்தக் கோடு போகும் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பாட்டியின் தாய் பெயரே எனக்குத் தெரியாது.

"நீங்க பறிச்ச எலை, நீங்களே நம்பர் போடுங்கக்கா" என்று பேனாவைக் கொடுத்தார். வரிசையாக எழுதி ஏழையும் எழுதினேன்.

"அக்கரை மரத்துக்கெல்லாம் கோடு வேற மாதிரி. இந்த ஏழு மட்டும் அப்படியே நாலு. இக்கரைக் கொட்டையைக் குரங்குதான் அங்கன தூக்கிட்டுப் போயிருக்கு. அடுத்த வாரம் மெட்ராஸ்ல பெரிய கூட்டத்துல இதைத்தான் வாசிக்கப் போறேன்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

வேலை போய்விடும் என்று தெரியும். அத்தனை பேர் முன்னால் அவர் என் பொய்யை வாசிப்பார் என்பதும் தெரியும்.

"குரங்கு இல்லம்மா. நாந்தான்" என்றேன்.

சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நோட்டில் ஒரு பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "தண்ணி வடியட்டும், ரெண்டு பேருமே போவோம்" என்றார். போனோம். வழுக்குப் பாறையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று ஏழாம் நம்பரில் பறித்த தளிரின் கோடுகள் அக்கரை மரங்களைப் போலவே வந்தன.

பழைய போட்டோவை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். அடியில் ஏழு என்று என் கையெழுத்து. அதற்கு மேலே, ஒன்றுகூடப் பிசகாமல், நாலின் கோடுகள்.