முந்நூறும் இருநூற்று அறுபத்தாறும்

மலாக்காவின் மெர்லிமாவில் நாங்கள் மோட்டார் சைக்கிளை சிசி பார்த்துத்தான் மதிப்போம். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டரையும் அந்தக் கணக்கில்தான் வாங்கினேன். கடையில் ஒரு கம்பெனி சிப்பின் வேகம் 266 மெகாஹெர்ட்ஸ் என்றார்கள், இன்னொரு கம்பெனியுடையது 300. யோசிக்கவே இல்லை, 300-ஐத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாயா ரும்புட்டில் இருக்கும் சித்தி மகள் கலா 266 வாங்கியிருந்தாள். எங்கள் வீட்டுத் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு அதைக் காரில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டாள்.

"ரேஸ் விட்டுப் பாப்போம்லா, அண்ணே. தோத்தவங்க கறிச்சட்டி எல்லாம் கழுவணும்."

ஹாலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். முறுக்கு கடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகள் எங்கள் பின்னால் கூடிவிட்டார்கள். இரண்டிலும் ஒரே கார் ரேஸ். வாங்கிய நாளிலிருந்து நான் முட்டிக்கொள்ளும் மலை வளைவு வந்தது. என் திரை திக்கித் திக்கி நகர, வழக்கம்போல் தடுப்பில் மோதினேன். கலா வழுக்கிக்கொண்டு போனாள். அவள் கம்ப்யூட்டர் பெட்டியில் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. நானோ கேமைத் தவிர எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தேன்.

"என் கை ஸ்லோ, கலா."

"கையா? இங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். அதே வளைவு. நான் திருப்பிய நொடியில் கார் திரும்பியது. பாட்டுகூட நிற்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அத்தனை மாதம் எனக்கு ஓட்ட வராது என்றல்லவா நினைத்திருந்தேன். வெவ்வேறு கம்பெனி சிப்புகளை அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

சட்டி கழுவினேன். கை முழுக்க நுரை, முகம் முழுக்கச் சிரிப்பு.

இப்போதும் ஒரு காரியம் எனக்கு வராது என்று தோன்றினால், வேறொரு பெட்டியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை.