ஓடாத ரயிலின் மேடு

அந்தக் கூட்டத்தில் கேன்டீன் அக்கா எழுந்து நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஓசூரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய கல்யாண மண்டபம். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்; சாம்பார் கறை படிந்த நீல ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வருஷம் எனக்குச் சோறு போட்டவர். திருநெல்வேலிக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து, கேட்காமலே எனக்கு ரசத்தைத் தனி டம்ளரில் ஊற்றி வைப்பார்.

அன்றைய பேச்சு பழைய ரயில்மேட்டைப் பற்றியது. வெள்ளைக்காரர் காலத்தில் ஓடிய சின்ன ரயிலின் தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். புங்கமரமும் முட்புதருமாக நீண்டு கிடந்த மண்மேடு மட்டும் மிச்சம். அதை வெட்டிச் சாலை போட்டால் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். பழமையைக் காக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் பேசினார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரான நான் அவர்களுக்குப் பதிலோடுதான் போயிருந்தேன். அக்கா பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஏரி; அந்தப் பக்கம், பள்ளத்தில் இருந்தது அவர் வீடு.

"ரயிலு போயிடுச்சு, சரிங்க சார். ஆனா மேட்டை எடுத்தா ஏரி நீள்ளு..." என்று தெலுங்கு வந்து விழ, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏரித் தண்ணி நேரா எங்க ஊட்டுக்குள்ளதான் வரும். எங்களுக்கு அது ரயில்மேடு இல்லீங்க, கரை" என்றார். 'நீள்ளு'வுக்கு மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "ஓடாத ரயிலுக்கு ஊர் எத்தனை காலம்க்கா வழிவிட்டு நிக்கணும்?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். ஏப்ரன் முனையைத் திருகியபடி அக்கா உட்கார்ந்தார்.

சாலை வந்தது. அடுத்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் புதுச் சாலையைக் கடந்து பள்ளத்தில் இறங்கியது. நான் போனபோது அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நனைந்த அரிசி மூட்டையை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். "பஸ்ஸு வருதில்ல சார்?" என்றார். குத்தலாகக் கேட்ட மாதிரி இல்லை. "வருதுக்கா" என்றேன். பொங்கலுக்குள் வீட்டைக் காலிசெய்துகொண்டு, அஞ்செட்டிப் பக்கம் அவர் அம்மா ஊருக்கே போய்விட்டார்கள்.

போன மாதம், மிச்சமிருக்கும் மேட்டையும் எடுப்பதா என்று மறுபடி கூட்டம். இந்த முறை வேண்டாம் என்று பேசினேன். "இது ரயில்மேடு இல்லை, கரை" என்றேன். மண்டபம் கைதட்டியது. விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. சங்கத் தலைவர் என் தோளைத் தட்டி, "ஒரே வரியில சொல்லிட்டீங்க சார்" என்று, தீர்மானப் புத்தகத்தில் அதை என் பெயரிலேயே எழுதச் சொன்னார். அது என் வரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அன்றைக்குச் சிரித்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.