மூன்றாவது குரல்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலை என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஊர் இருக்கிறதுதான். போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான் இருக்கும். அப்படிப்பட்ட தட்டை நிலத்திலிருந்து வந்து, ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்து எல்லிங்ஸ்ருட்டில், லிப்ட் பழுதானால் நாலாம் மாடிக்கு முருகனைக் கூப்பிட்டபடி ஏறிக்கொண்டிருந்த எங்கள் குடும்பம், ஒரு சனிக்கிழமை கௌஸ்தாதொப்பன் என்ற பெரிய மலையில் ஏறப் புறப்பட்டதற்குக் காரணம் வீரமல்ல. திங்கட்கிழமைகள்தான்.

அப்பா ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் அங்குள்ள நோர்வேக்காரர் ஒருவரையொருவர் கேட்கும் முதற்கேள்வி, வார இறுதியில் எங்கே ‘தூர்’ போனீர்கள் என்பது. தூர் என்றால் காட்டுக்கோ மலைக்கோ நடந்து போய், விறகுகூடப் பொறுக்காமல் வெறுங்கையோடு திரும்பி வருவது. அப்பா ஒவ்வொரு திங்களும் “வீட்டில் இருந்தேன்” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரை யாருமே கேட்காமல் விட்டுவிட்டார்கள். அதுதான் அவருக்குச் சுட்டது. “வாற சனிக்கிழமை மலைக்குப் போறம்” என்று அறிவித்தார். அம்மா, யாருக்கு நேர்த்தி என்று கேட்டார்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. குழு என்று பார்த்தால் அப்பா, நான், அம்மாவின் தம்பியான மாமா. அப்பா கோயிலுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தை மினுக்கிப் போட்டிருந்தார். மாமா தோல் சட்டை. எனக்கு ஸ்ட்ரோம்மன் கடைத்தெருவில் மலிவு விற்பனையில் வாங்கிய, இரண்டு அளவு பெரிய மழைக்காலச் சப்பாத்து. வளருவேன் என்ற நம்பிக்கையில் வாங்கியது. அம்மா கைக்குழந்தையான தங்கச்சியோடு வீட்டில் நின்றுகொண்டார். புட்டும் முட்டைப்பொரியலும் கட்டைச்சம்பலும் கட்டித் தந்துவிட்டு, வாசலில் வைத்து எனக்கு ஒரு சட்டமும் கட்டித் தந்தார்.

“மலையிலை ஆரும் கூப்பிட்டா உடனை ‘ஓம்’ எண்டு சொல்லிப்போடாதை. மூண்டாந்தரம் கூப்பிட்டாப் பிறகுதான் வாய் திறக்கவேணும். விளங்கிச்சோ?”

“ஏனம்மா?”

“மற்றதுகள் ரெண்டு தரத்துக்கு மேலை கூப்பிடாதுகள்.”

‘மற்றதுகள்’ எவை என்று எனக்குத் தெரியும். ஊரில் இருட்டினபிறகு படலையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாவது குரல் வரும்வரை வீட்டில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்களாம். மனிசனுக்குத்தான் மூன்று தரம் கூப்பிடும் பொறுமை உண்டு. அப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இதிலே ஒரு பகிடி, அப்பாவே வீட்டில் யாரையும் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட்டதில்லை. இரண்டு தரம் “தம்பி” என்பார். நான் போகாவிட்டால் எழுந்து அறைக்கே வந்து நிற்பார். பேய்க்கும் அப்பாவுக்கும் ஒரே பழக்கம் என்று நான் அப்போதே கண்டுபிடித்து வைத்திருந்தேன், சொல்லத் துணிவில்லை.

காரில் மூன்று மணித்தியாலமும் மாமா பேய்க்கதை. அடிவாரத்து ஏரிக்கரையில் இறங்கியபோது வெயில் பளபளத்தது. மலை முழுக்கக் கல். மரமில்லை, புல்லில்லை, யாரோ லொறி லொறியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுக் காசு வாங்க மறந்து போனதுபோல் கல். பாதையைக் காட்டச் சில கற்களில் சிவப்பு மை பூசியிருந்தது. இடைக்கிடை ஆளுயரத்துக்குக் கற்களை அடுக்கிக் குவித்திருந்தார்கள்.

“உது என்ன மாமா?”

“உதோ? வழி தவறினவையின்ரை ஞாபகத்துக்கு. ஒராளுக்கு ஒரு குவியல்.”

“பொய்.”

“பொய்யெண்டா எண்ணிப் பார். இறங்கேக்கை ஒண்டு கூட இருக்கும்.”

அவை வழிகாட்டுவதற்கென்று வைத்த குவியல்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் படித்தது அடிவாரத்தோடு நின்றுகொண்டது. என்னோடு மேலே ஏறவில்லை.

இன்னொன்றும் என்னைக் குழப்பியது. எங்கள் மாடிப்படியில் ஏழு வருடமாக எதிரே வரும் நோர்வேக்காரர்கள் எங்களைக் கண்டால் சுவரைப் பார்ப்பார்கள். ரயிலில் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். இங்கே, எதிரே இறங்கி வந்த ஒவ்வொருவரும் சிரித்து, கண்ணைப் பார்த்து “ஹை” என்றார்கள். கிழவர், குழந்தை, நாயோடு வந்த பெண், எல்லோரும்.

“இவைக்கு என்ன நடந்தது?” என்றேன்.

மாமா குரலைத் தாழ்த்தினார். “உயிரோடை இருக்கிற நோர்வேக்காரன் வலியவந்து கதைச்சுக் கண்டிருக்கிறியோ? யோசி.”

“மச்சான், பெடியனை வெருட்டாதையும்” என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி. அவருடைய கோயில் சப்பாத்து கல்லுக்குக் கல் வழுக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம். திங்கட்கிழமை சொல்லப்போகும் வசனங்களை நோர்வேஜிய மொழியில் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதித் தூரத்துக்கு மேலே புட்டைச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்றுக்கு முட்டியது. அங்கேயே திரும்பி நின்று போகச் சொன்னார் மாமா. பாதையில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். போகிற எல்லோரும் வேறு “ஹை” சொல்கிறார்கள். அந்த நிலையில் நான் எந்தக் கையை அசைத்துப் பதில் சொல்வது? மானஸ்தனாகிய நான் ஒரு கற்குவியலைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, ஒரு பெரிய பாறையின் பின்னால் மறைந்தேன்.

காரியம் முடிந்து திரும்பியபோது மலை இல்லை.

மிகைப்படுத்தவில்லை. கீழிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி வந்து, ஏரியை, பாதையை, அப்பாவை, மாமாவை, ஒவ்வொன்றாக அழித்துவிட்டு என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. கையை நீட்டினால் விரல் நுனி மங்கியது. அதைவிடப் பயங்கரம் சத்தம் இல்லாமற்போனது. காற்றுக்கூட நின்றுவிட்டது. என் பெரிய சப்பாத்து கல்லில் உரசும் ஒலி யாரோ பின்னால் நடப்பதுபோல் கேட்டது. நான் நின்றேன். அதுவும் நின்றது. கொஞ்சம் பிந்தி நின்றதோ என்று ஒரு சந்தேகம்.

வந்த வழி என்று நினைத்த பக்கம் நடந்தேன். முன்னால் ஓர் ஆள் நின்றான். நான் மரியாதையாக “ஹை” என்றேன். பதில் இல்லை. கிட்டப் போனால் கற்குவியல். அடுத்த ஆளுக்கும் “ஹை” சொன்னேன்; அதுவும் கல். மூன்றாவது உருவத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அது “ஹை” என்றது. மழையங்கி போட்ட ஒரு கிழவர். வெள்ளைக்குள்ளிருந்து வந்து, சிரித்து, வெள்ளைக்குள் போய்விட்டார். அவரைப் பிடித்து வழி கேட்டிருக்கலாம் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். நான் அப்போது அவருக்குக் கால் இருக்கிறதா என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். முழங்காலுக்குக் கீழே வெறும் மூடுபனி.

அப்பாவின் கைத்தொலைபேசி அப்பாவிடம். என்னிடம் இருந்தது பாதி கடித்த சொக்கிளேட். ஒரு கற்குவியலின் அடியில் குந்தினேன். பிறகு அது யாருடைய ஞாபகத்துக்கோ என்று நினைவு வந்து, எழுந்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு துண்டு சொக்கிளேட்டும் வைத்துவிட்டுத் தள்ளிக் குந்தினேன். பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அவருக்கு இந்த ஏற்றம் கஷ்டம் என்று தோன்றியது, முருகனுக்கு மாற்றினேன். அவர் மலைக்காரர்.

அப்போதுதான் கேட்டது.

“தம்பீ...”

வாயைத் திறந்துவிட்டேன். “ஓம்” நாக்கின் நுனிவரை வந்தது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். அது அப்பாவின் குரல் இல்லை. அப்பாவின் குரல் கனமானது. சமையலறைப் பானைகளைத் தாண்டிக் கேட்டுப் பழகியது. இது மெல்லியது, கீச்சென்று, உடைந்து, எந்தத் திசை என்றே இல்லாமல் வந்தது. மாமாவினுடையதும் இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, முன்னதைவிடக் கிட்டே:

“தம்பீ...”

இரண்டு. நான் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பைப்போல் ஒன்றை நான் பிறகு என் வாழ்க்கையில் கண்டதில்லை, மனைவியின் பிரசவ அறை வாசலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பனி அசைந்தது. கற்கள் என்னைப் பார்த்தபடி நின்றன. மூன்றாவது வரவில்லை.

வரவேயில்லை.

அப்படியானால் அது எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு கேள்விதான் மிச்சம். நோர்வேப் பேய்க்குத் தமிழ் எப்படித் தெரியும்? என் வகுப்பு ஆசிரியை ஆறு வருடமாக என் பெயரையே உடைத்துக்கொண்டிருக்கிறார். இதுவோ ‘தம்பி’யை அச்சொட்டாகச் சொல்கிறது. ஆகவே இது எங்கள் ஊர்ப் பேய். விசா இல்லாமல், எங்கள் பின்னாலேயே, இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இந்த முடிவுக்கு வந்ததும், நான் அந்தக் குரலுக்கு எதிர்ப்பக்கமாக, நாலு காலில், தவழத் தொடங்கினேன். எதிர்ப்பக்கம் எது என்று எனக்குத் தெரியாது என்பதோ, அந்த மலைக்குச் செங்குத்தான பக்கமும் உண்டு என்பதோ என் மூளைக்கு எட்டவில்லை. கைக்குக் கீழே ஒரு கல் கழன்று உருண்டது. உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது. அது நிற்கும் ஓசையை நான் கேட்கவில்லை. படுத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேனோ தெரியாது. சப்பாத்துக்குள் கால் விறைத்துவிட்டது. பிறகு மாமாவின் குரல், மூச்சு விடாமல், மூன்றையும் ஒன்றாகக் கட்டி எறிந்தது.

“மருமோன்! மருமோன்! மருமோன்! மூண்டுதரம் கூப்பிட்டிட்டன்ரா, கொம்மா சொன்னமாதிரி! இனி வாயைத் திற!”

“ஓம்! ஓம்! ஓம்!” என்றேன். நானும் கணக்கில் குறைவைக்கவில்லை.

மாமா தோல் சட்டையோடு என்னை அள்ளி எடுத்தார். அவருடைய நெஞ்சு அடித்த அடியை என் காதில் கேட்டேன். பகிடி ஒன்றும் விடவில்லை. அதுவே ஒரு பயமாக இருந்தது. “அசையாதை. பக்கத்திலை பள்ளம்” என்று மட்டும் சொன்னார்.

பனி கொஞ்சம் கலைந்தபோது, அப்பா இருபது அடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இருபது அடிதான். என்னை ஏசவில்லை, எழுந்து வரவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. என்னைத் தேடாமல் களைத்துப்போய்க் குந்திவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது. “அப்பா, இஞ்சை ஒரு பேய் கூப்பிட்டது” என்று முறையிட்டேன். “ரெண்டு தரம்தான் கூப்பிட்டது. நான் ஏமாறேல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். மாமா என் தோளை அழுத்தினார், பேசாதே என்பதுபோல்.

உச்சிக்குப் போகவில்லை. அன்று பிறகு பனி விலகிப் பார்த்தால், உச்சியிலுள்ள கோபுரம் ஒரு மணித்தியால நடையில்தான் இருந்தது. இன்றுவரை நான் அதில் ஏறவில்லை. என் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள், கீழே காரில் இருந்து நான் பைகளுக்குக் காவல் காத்தேன்.

அப்பா அன்று ஏன் அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டார் என்பதை மாமா சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு, ஸ்ட்ரோம்மனில் அதே கடைத்தெருவின் வாகனத் தரிப்பிடத்தில், என் மகளுக்கு மலைச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தபோது.

“உன்ரை பெரியப்பா” என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் படமாக மட்டும் இருந்தவர். “நாட்டை விட்டு வெளிக்கிடேக்கை அத்தானும் அவரும் கிளாலிக் கடலாலைதான் வந்தவை. றோட்டெல்லாம் ஆமி மறிச்சிருந்த காலம். ராத்திரி. வெளிச்சம் வைக்கேலாது, சத்தம் போடேலாது. வள்ளங்களைக் கயித்திலை ஒண்டோடை ஒண்டு கட்டி இழுக்கிறது. அத்தான் முன் வள்ளம், தமையன் பின் வள்ளம். எங்கையோ சூடு விழுந்திது. கயிறு அறுந்துபோச்சு. அத்தான் ‘அண்ணை’ எண்டு கூப்பிட்டிருக்கிறார். ரெண்டு தரம். மூண்டாந்தரம் வாய் திறக்க, ஓட்டி பொத்திப்போட்டான். விடியப் பாக்க, பின் வள்ளம் கரைக்கு வரேல்லை.”

“அதோடை...”

“அதோடை இல்லை. அதுக்குப் பிறகுதான் யோசிச்சாராம். இருட்டு. எங்கடை ஆக்கள் இருட்டிலை மூண்டாந்தரத்துக்குத்தானே பதில் சொல்லுவினம். அண்ணை காத்துக்கொண்டு இருந்திருப்பாரோ எண்டு.” மாமா சப்பாத்துப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். “அண்டைக்கு மலையிலை, ‘அத்தான் கூப்பிடுங்கோ, இன்னும் ஒருக்காக் கூப்பிடுங்கோ’ எண்டு உலுப்பினனான். ஏலாதாம். ‘மூண்டாந்தரமும் கூப்பிட்டு, அவன் பேசாமல் இருந்தா?’ எண்டார்.”

நான் கேட்ட அந்த மெல்லிய குரல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

இதெல்லாம் பிறகு. அன்றைக்கு, பன்னிரண்டு வயதுத் துப்பறிவாளனாகிய எனக்கு ஒன்றும் தெரியாது. இறங்கும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், இரத்தம் ஓடாத அளவுக்கு. அவருடைய கோயில் சப்பாத்தின் ஓர் அடித்தோல் கழன்று, அடிக்கு அடி நாக்கை நீட்டியது. பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்து “ஹை” சொல்லிப் போனார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. திடீரென்று, நான் கையிலேயே இருக்கும்போது, “தம்பி” என்றார்.

“ஓம் அப்பா.”

கொஞ்சம் நடந்து, “தம்பி.”

“ஓம். இஞ்சைதானே நிக்கிறன்.”

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கீழே ஏரி தெரியத் தொடங்கியது. எங்கள் கார் சிறு புள்ளியாகத் தெரிந்தது. அப்பா நின்றார். தொண்டையைச் செருமினார். தன் சொந்தக் கனத்த குரலில், பக்கத்திலிருந்தவனைக் கூப்பிடத் தேவையில்லாத அளவு உரக்க, மூன்றாந்தரம் “தம்பி!” என்றார்.

நான் “ஓம்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

என் அப்பா பேயில்லை என்பது அன்றோடு எனக்கு உறுதியாயிற்று. நானும் பேயில்லை என்பதைத்தான் அவர் பரிசோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்து, வடிவாகப் பதில் சொன்ன பெருமையோடு, கார்வரைக்கும் கற்குவியல்களை எண்ணிக்கொண்டு போனேன்.